ஊசிக்கல்லில் இருந்து ஒரு கூப்பாடு

ஊசிக்கல் தோட்டத்தில் அழகுமுத்துவின் தொண்டைக்கு ஒரு காலத்தில் பெரிய மரியாதை இருந்தது. பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறினால் வருகிற தோட்டம் அது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல் லயம் ஒரு மடிப்பில் கிடக்கிறது, கீழ் லயம் இன்னொரு மடிப்பில். நடுவே தேயிலை மலை ஒன்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பதால் இங்கிருப்பவர்களுக்கு அங்கே நடப்பது தெரியாது. இரண்டு பக்கமும் தெரிகிற ஒரே இடம் தோட்டத்துக்குப் பேர் கொடுத்த, மலைமேல் இருக்கும் அந்த ஊசிக்கல்தான். அதில் ஏறி நின்று அழகுமுத்து ஒரு சத்தம் போட்டால் கீழ் லயத்தில் அடுப்படியில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

கோயிலில் கூட்டம், குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, நாளைக்கு வேலை இல்லை, இன்னார் தவறிவிட்டார் என்று எல்லாச் செய்தியும் அவர் வாயிலிருந்துதான் இறங்கிப் போகும். ஒரே செய்தியை அவர் இரண்டு தடவை சொல்வார். மூன்றாவது தடவை சொல்ல வைப்பது தன் தொண்டைக்கு அவமானம் என்று நினைக்கிற ஆள். கைபேசி வந்த பிறகும் அவருடைய மவுசு குறையவில்லை. பேசுவதற்குக் கைபேசிக்கு சிக்னல் இரண்டு கோடாவது வேண்டும், அழகுமுத்துவுக்கு ஒரு வெற்றிலை போதும்.

அவருடைய வேலை கான் வெட்டுவது. மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்க மலைக்குக் குறுக்கே வெட்டியிருக்கும் வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்பார்கள். வாலிப வயதில் மண்வெட்டி பிடித்தவர், ஐம்பதைத் தாண்டியும் அதை விடவில்லை. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. கீழ் லயத்தின் முதல் காம்பிரா வீட்டில் இருந்த தங்கை அம்மாக்கண்ணுதான் அவருக்கு உறவு என்று சொல்ல மீதமிருந்தவள்.

அம்மாக்கண்ணு வாயாடி. அண்ணனைக் கேலி செய்யாமல் ஒரு வாய் சோறு போடமாட்டாள். ஆனால் தாய் தகப்பன் சொல்லிவைத்த எதையும் மீறமாட்டாள். விளக்கு வைத்த பிறகு உப்பு இரவல் கொடுக்கமாட்டாள், வாசற்படியில் உட்காரமாட்டாள், பனிக்குள் ஆள் தெரியாமல் யாராவது கூப்பிட்டால் சட்டென்று வாய் கொடுக்கமாட்டாள். அவள் மகள் வினோதாவையும் அப்படியே வளர்த்தாள். கல்யாணமாகி அதே லயத்தின் மறுகோடிக் காம்பிராவில் குடியிருந்த வினோதாவுக்கு ஒரு கைக்குழந்தை, புருஷன் கொழும்பில் வேலை.

போன வருஷம் ஒரு மழை வந்தது. நாள் கணக்கில் விடாமல் பெய்தது. கரண்ட் போனது, அதோடு கைபேசிக் கோபுரமும் போனது. வேலையை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் கை சும்மா இருக்காத அழகுமுத்து மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்கு மேலே உள்ள கானைப் பார்க்கப் போனார். கரை புரண்டு ஓடிய தண்ணீர் அவர் கண்முன்னாலேயே வற்றியது. வானம் கொட்டிக்கொண்டிருக்கிறது, கானில் தண்ணீர் இல்லை. அப்படியென்றால் அது மலைக்குள் இறங்குகிறது, இனி மண் சரியும் என்று அர்த்தம்.

அவர் கல்லின் மேல் ஏறினார். கீழே பனி மூடி லயமே தெரியவில்லை. "அம்மாக்கண்ணு!" என்று கத்தினார். காத்திருந்தார். "அம்மாக்கண்ணு! வெளிய வா!" என்று மறுபடி கத்தினார். பதில் இல்லை. இந்த மழையில் சத்தம் எட்டாது என்று நினைத்துக் கல்லிலிருந்து குதித்துக் குறுக்குப் பாதையில் ஓடினார். பாதி வழி போவதற்குள் மலை அவருக்கு முன்னால் இறங்கிவிட்டது.

மற்ற காம்பிராக்காரர்கள் அப்போது லயத்தின் மறுகோடியில், தண்ணீர் புகுந்த வீடுகளிலிருந்து சாமான் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் தப்பினார்கள். வினோதா பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பூண்டுலோயாவில் மருந்து எடுக்கப் போனவள், திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே நின்றுவிட்டாள். முழங்கால் வலி என்று வீட்டுக்குள்ளேயே இருந்த அம்மாக்கண்ணுவை மட்டும் மண் கொண்டுபோனது.

கேதத்துக்குத் துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அழகுமுத்து ஒரே வார்த்தையைச் சொன்னார். "ரெண்டு தடவ கூப்பிட்டேங்க. என் சத்தம் எட்டலீங்க." அந்த மழையில் யாருக்குத்தான் கேட்கும் என்று வந்தவர்களும் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அந்த வருஷத்தைக் கடத்தினார். கல்லின் மேல் ஏறுவதை விட்டுவிட்டார். கோயில் கூட்டம் என்றால் வேறு யாராவது நடந்துபோய்ச் சொன்னார்கள்.

கீழ் லயத்தில் மிஞ்சிய பாதியை ஆபத்தான இடம் என்று அதிகாரிகள் வந்து குறித்துவிட்டுப் போனார்கள். புது வீடு வரும் என்றார்கள். வேறு இடம் இல்லாத சனங்கள் அதே பாதியில் அடுப்பு மூட்டினார்கள், வினோதாவும் அவர்களில் ஒருத்தி. "மேல வந்து என்கூட இரு புள்ள" என்று மாமன் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டார். "எல்லாரும் இங்கதான மாமா இருக்காங்க" என்று சொல்லி அவள் அசையவில்லை. அடுத்த மழைக்கும் தன் சத்தம் எட்டாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற ஒரே பயம்தான் அழகுமுத்துவுக்கு. அந்தப் பயம் அவரைச் சாப்பிடவிடாமல் செய்தது.

வட்டகொடை ஸ்டேஷனில் ஒருநாள் தண்டவாளம் திருத்த வந்தவர்கள் கையில் வாக்கிடோக்கியைப் பார்த்தார். கோபுரம் வேண்டாம், சிம் வேண்டாம், இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு நேராகப் பேசலாம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அழகுமுத்து அப்போதே அட்டன் பஸ்ஸுக்கு நின்றார்.

அட்டனில் றிச்சர்ட் என்பவன் பழைய ரேடியோ, டிவி, கைபேசி எல்லாம் பிரித்துப் பூட்டுகிற கடை வைத்திருந்தான். அவனும் தோட்டத்தில் பிறந்தவன்தான், கல்லாப்பெட்டிக்கு மேலே மாதா படமும் சிவப்பு பல்பும் இருக்கும். மூடிப்போன ஏதோ ஹோட்டலின் வாக்கிடோக்கிகள் என்று கொழும்பு ஏலத்திலிருந்து ஒரு அரிசிச் சாக்கு நிறையக் கொண்டுவந்து மூலையில் போட்டிருந்தான். 'செக் பண்ணியதில்லை, திருப்பி எடுக்கமாட்டோம்' என்று மூன்று மொழியிலும் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தான். நாட்டில் மூன்று மொழியிலும் தவறில்லாமல் எழுதப்படுகிற விஷயங்களில் இதுவும் ஒன்று.

"இது சாமானே இல்லண்ணே, லொத்தர் சீட்டு, விழுந்தா விழும்" என்றான் றிச்சர்ட். "அதோட இத வச்சிருக்க அனுமதி வேணும், தெரியுந்தானே?"

"கிராம சேவகர்கிட்ட சொல்லி எழுதிப் போட்டுக்கிறேன் தம்பி. நீங்க சாமானக் காட்டுங்க."

சாக்கைக் கவிழ்த்தார்கள். அரைவாசிக்கு ஏரியல் இல்லை. சிலதின் பற்றரி வீங்கியிருந்தது, சிலதின் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. றிச்சர்ட் உப்புத்தாளால் சுரண்டி, பற்றரியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். லைட் எரிந்ததும் அழகுமுத்துவின் முகம் மலரும், பேசுகிற பட்டனை அமுக்கியதும் லைட் செத்துப்போகும்.

"லைட்ட நம்பாதீங்கண்ணே. சும்மா கேட்டுக்கிட்டு இருக்குறதுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். பேசுறதுக்குத்தான் பலம் வேணும்."

"மனுசனுக்கும் அப்படித்தான் தம்பி" என்றார் அழகுமுத்து. சொன்னது கேலி மாதிரி இருந்தாலும் அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் பேச்சைத் தாங்குகிற செட்டுகள் நான்கு தேறின. கடைக்குள் வைத்து இரண்டை அமுக்கியபோது காது கிழிகிற மாதிரி ஊளைச் சத்தம் வந்தது. "கிட்ட வச்சுப் பாத்தா இப்படித்தான் கத்தும். இது டெஸ்டே இல்ல, மலையில கொண்டுபோய் தூரமா வச்சுப் பாருங்க" என்றான் றிச்சர்ட். "ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அமுக்குனா பேசலாம், விட்டாத்தான் கேக்கும். சரிவரலைன்னா கொண்டாங்க. அந்த அட்டை மத்தவங்களுக்கு, உங்களுக்கு இல்ல."

அடுத்த நாள் நல்ல வெயில். வினோதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்றாள், அழகுமுத்து ஒரு வருஷத்துக்குப் பிறகு கல்லின் மேல் ஏறினார். ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தது. "வினோதா" என்றதும் "சொல்லுங்க மாமா" என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. அதற்குப் பிறகு அவள் பட்டனை விடாமல் பேசிக்கொண்டே போனாள், பிள்ளை அழுததும் சேவல் கூவியதும் எல்லாம் மேலே கேட்டது. "விடு புள்ள, பட்டன விடு" என்று அவர் கையை ஆட்டினார். அவளும் ஏதோ விளையாட்டு என்று திருப்பிக் கை ஆட்டினாள். நான்கு செட்டையும் அப்படியே மாற்றிப் பார்த்தார்கள். நான்கும் பேசின. அன்றைக்கு அழகுமுத்து இரண்டு பங்கு சோறு சாப்பிட்டார்.

ஆனால் ஆபத்து வெயிலில் வருவதில்லை. அது அவருக்குத் தெரியும். ஆகவே பனி இறங்குகிற ஒரு சாயங்காலத்துக்காகக் காத்திருந்தார். அப்படி ஒரு சாயங்காலம் வந்ததும் ஒரு செட்டை வினோதாவிடம் கொடுத்து, "நான் மேலருந்து கூப்பிடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லுக்குப் போனார். கீழே லயம் தெரியவில்லை, தன் கால் நிற்கிற கல்கூட சரியாகத் தெரியவில்லை. பட்டனை அமுக்கி "வினோதா" என்றார். விட்டார். இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடியும் "வினோதா" என்றார். அதே இரைச்சல். அந்த செட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, வெகுநேரம் காத்திருந்து அடுத்ததை எடுத்தார். இரண்டு தடவை கூப்பிட்டார், பதில் இல்லை. மூன்றாவது செட்டும் அப்படியே.

வெயிலில் பேசுகிற சாமான் பனியில் ஊமையாகிறது என்றால் அதை வைத்து என்ன செய்வது? அவருடைய தொண்டையும் இந்தப் பெட்டியும் ஒரே சாதிதான் போலிருக்கிறது. நேராக மேல் லயத்துக்குப் போய்ப் படுத்தவர், விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அட்டனுக்குப் போனார்.

"பனியில வேல செய்யாது தம்பி இது" என்று பையை மேசைமேல் வைத்தார்.

"பனி இதுக்கு ஒரு பொருட்டே இல்லண்ணே" என்றான் றிச்சர்ட். நல்லவேளையாக அட்டனிலும் அன்று பனி. பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு செட்டைக் கொடுத்து மேட்டுத் தெருவுக்கு அனுப்பினான். ஆள் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஒவ்வொரு செட்டிலும் அவர் குரல் கண்ணாடி மாதிரி வந்தது. றிச்சர்ட் செட்டுகளைத் திருப்பிப் பைக்குள் வைத்தான். "சாமான்ல பழுது இல்ல. கீழ இருந்தவங்களுக்குக் கேட்டுச்சான்னு விசாரிச்சீங்களா?"

அழகுமுத்து விசாரிக்கவில்லை. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவருக்கு வினோதா மேல் கோபம். பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிறேன் என்று பெட்டியை எங்காவது வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தார். நேராகக் கீழ் லயத்துக்குப் போனார். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் கூப்பிட்டது கேக்கலியா உனக்கு?"

"கேட்டுச்சே மாமா. நல்லா கேட்டுச்சு."

"கேட்டுச்சா? அப்பறம் ஏன் பேசல?"

"பனிக்குள்ள ஆள் தெரியாமக் கூப்பிட்டா மூணாவது கூப்பாட்டுக்குத்தான வாய் குடுக்கணும். முனி ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாதுன்னு அம்மா சொல்லும். ரெண்டு தடவ கூப்பிட்டீங்க, மூணாவது வரும்னு பட்டன்ல விரல வச்சுக்கிட்டே நின்னேன். விட்டு விட்டு மூணு வாட்டி வந்துச்சு, ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு தடவதான்..."

அவள் அதோடு நிறுத்திவிட்டாள். கையில் இருந்த ஈரத்துணி அப்படியே இருந்தது. ரெண்டு தடவை கூப்பிட்டேன் என்று கேதத்தில் அவர் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த வார்த்தை இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

அந்த வழக்கம் அழகுமுத்துவுக்கும் தெரியாததல்ல. அவரும் அம்மாக்கண்ணுவும் ஒரே அடுப்பங்கரையில் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் கல்லில் நின்று அவர் சொல்வதெல்லாம் ஊருக்குச் செய்தி, அதற்கு யாரும் பதில் சொல்லவேண்டியதில்லை. கூப்பிடுகிறவனுக்கு அந்த வழக்கம் ஞாபகம் வருவதில்லை, கேட்கிறவர்களுக்குத்தான் வரும். சத்தம் எட்டியிருக்கிறது. அம்மாக்கண்ணு கதவுக்குப் பக்கத்தில் வலிக்கிற காலோடு நின்றுகொண்டு மூன்றாவது கூப்பாட்டுக்குக் காத்திருந்திருக்கிறாள். அவரோ கல்லிலிருந்து குதித்து ஓடிக்கொண்டிருந்தார்.

உறுதியாக அப்படித்தான் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு வேறு மாதிரி நினைக்கவே முடியவில்லை. லயத்தின் முன்கோடியில், மண் மூடிப் புல் முளைத்துவிட்ட இடத்தில் போய் உட்கார்ந்தார். தன் தொண்டை மோசம் செய்துவிட்டது என்று ஒரு வருஷம் அழுதவர், அது மோசம் செய்யவில்லை என்று தெரிந்ததும் அதைவிடப் பெரிதாக அழுதார். வினோதா அவர் கிட்டே வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மாமனும் மருமகளும் பேசவில்லை. அவர் கானுக்குப் போவார், வருவார். வினோதா யாரிடமோ திருப்பிக் கொடுத்தனுப்பியதும் சேர்ந்து நான்கு செட்டும் பையோடு ஆணியில் தொங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை வினோதா மலையேறி வந்து மேல் லயத்து வாசலில் நின்றாள்.

"உங்க மேல கோபமா இருக்கலாம்னு பாத்தேன் மாமா. அம்மா மேலயும் பாத்தேன். முடியல. நானும் அதேதான செஞ்சேன்? நீங்க நெசமா மண்ணு வருதுன்னு சொல்லக் கூப்பிட்டிருந்தா, பிள்ளைய வச்சுக்கிட்டு நானும் நின்னுக்கிட்டுதான இருந்திருப்பேன்?" அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். "அந்தப் பெட்டியக் குடுங்க. லயத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இதுல வர்ற சத்தத்துக்கு மொதக் கூப்பாட்டுக்கே வாய் குடுக்கணும்னு."

"என்ன சொன்னாங்க?"

"முனி பெட்டிக்குள்ள வராதான்னு கேட்டாங்க. வந்தா வரட்டும், நான் பேசிக்கிறேன்னுட்டேன்."

அன்று முதல் பனி இறங்கினால் அழகுமுத்து கல்லுக்குப் போவார். ஒரு தடவை கூப்பிடுவார். ஆரம்பத்தில் வினோதாவின் பதில் தயங்கித் தயங்கித்தான் வந்தது, வாய் திறப்பதற்குள் அவள் மூச்சு வாங்குவது இங்கே கேட்கும். பிறகு பழகிவிட்டது. லயத்திலுள்ள மற்றப் பெண்களும் மாறி மாறிப் பேசிப் பார்த்தார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாகூட ஒருநாள் செட்டை வாங்கித் தன் பேரைச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

இந்த வருஷத்து மழையும் வந்தது. போன வருஷம் மாதிரியே கரண்டும் கோபுரமும் போயின. அழகுமுத்து நெகிழிப்பையில் சுற்றிய செட்டை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கானோரமாக நடந்தார். லயத்தின் மிஞ்சிய பாதிக்கு மேலே வந்தபோது அவர் கால் நின்றது. கான் வற்றிக்கொண்டிருந்தது.

கல்லுக்கு எப்படி ஏறினார் என்று அவருக்கு ஞாபகமில்லை. சுற்றிலும் வெள்ளையாகப் பனி. பட்டனை அமுக்கினார். வாயைத் திறந்தபோது வந்தது வினோதாவின் பேர் இல்லை.

"அம்மாக்கண்ணு! வெளிய வா!"

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே அதிர்ந்துபோனார். திருத்திச் சொல்லவும் முடியவில்லை, மறுபடி கூப்பிடவும் முடியவில்லை. செத்துப்போனவளின் பேரைச் சொல்லிப் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தால் யார்தான் வாய் கொடுப்பார்கள்? கெடுத்துவிட்டோம் என்று நினைத்தார். விரல் மட்டும் பட்டனை அமுக்கியபடியே இருந்தது. விட்டால்தான் கேட்கும் என்பது மெல்ல ஞாபகம் வந்து, விரலை எடுத்தார்.

"கேக்குது மாமா" என்றது பெட்டி. "வெளிய வந்துட்டோம். எல்லாரும் வந்துட்டோம். பிள்ள கையில இருக்கு. கோயிலுக்கு ஏறுறோம்."

மத்தியானத்துக்கு மேல் அந்தப் பாதி லயத்தின் பின்சுவரை மண் தள்ளியது. உள்ளே அடுப்பும் பாத்திரங்களும்தான் இருந்தன.

கோயில் மண்டபத்தில் நனைந்த சனங்களுக்கு நடுவில் அழகுமுத்து மருமகளைத் தேடிப்போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ கொடுத்த தேத்தண்ணீர் அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"பேர மாத்திக் கூப்பிட்டுட்டேன் புள்ள."

"தெரியும் மாமா" என்றாள் வினோதா. "அம்மாவுக்கும் சேத்துத்தான் வாய் குடுத்தேன்."